ஊர் வரலாற்றில் ஓர் அத்தியாயத்தை எடுக்கச் சொல்கிறார்கள்: என்ன செய்வது?

கேள்வி:

ஐயா, வணக்கம். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒரு சிறிய பதிப்பகம் நடத்துகிறேன். இதுவரை ஆறு நூல்கள் போட்டிருக்கிறேன். இப்போது வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் வரலாறு என் கையில் இருக்கிறது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சென்ற வருடம் காலமாகிவிட்டார். அவருடைய மகள்தான் கையெழுத்துப் பிரதியை என்னிடம் தந்தார். அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் ரொறன்ரோவில் இருக்கிறார். 500 பிரதிகளுக்கான முழுச் செலவையும் தான் தருவதாகச் சொல்கிறார். ஆனால் இரண்டு நிபந்தனைகள். 1960களின் கடைசியில் ஊர்க் கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசப் பிரச்சினை பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். “ஏன் பழசைக் கிளறுவான்” என்கிறார். அடுத்தது, கோயிலைக் கட்டிய குடும்பங்கள் பற்றிய பகுதியில் அவருடைய பாட்டனாரின் பெயர் முதலாவதாக வர வேண்டும். மகளோ, “அப்பாவின் புத்தகம் எப்படியாவது வந்தால் போதும்” என்கிறார்.

இதற்கிடையில் பிரதியைத் தட்டச்சுச் செய்யும்போது இன்னொன்றும் கண்டேன். பழைய கும்பாபிஷேக மலர் ஒன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் அப்படியே எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆசிரியர் அதை எங்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த அச்சக உரிமையாளர் ஒருவர், “இதையெல்லாம் பார்த்தால் பதிப்பகம் நடத்தேலாது, உன்ர முதல் புத்தகம் மிச்சம் கிடக்குதுதானே, அட்டையை மாத்தி இரண்டாம் பதிப்பு எண்டு போட்டு வித்து அந்தக் காசில இதைச் செய்” என்கிறார். என்னைப் போன்ற சிறியவர்களுக்கு நேர்மை கட்டுப்படியாகுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு காரணங்களுக்கு வருவோம். அந்த அத்தியாயத்தை எடுக்க வேண்டாம். அட்டையை மாற்றி இரண்டாம் பதிப்பு என்று போட வேண்டாம். மலரிலிருந்து எடுத்த பக்கங்களை இப்போது இருக்கிறபடி அச்சுக்கு அனுப்ப வேண்டாம். ஆனால் ரொறன்ரோக்காரரை இன்றைக்கே எதிரியாக்கிக்கொள்ளவும் வேண்டாம். அவருடைய காசை நேர்மையாக வாங்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. அதற்கு அவர் சம்மதிக்கிறாரா என்று பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

காசிலிருந்தே தொடங்குவோம். யாழ்ப்பாணத்தில் வரும் நூல்களில் கணிசமானவை யாரோ ஒருவருடைய உதவியால்தான் வருகின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விற்பனையை மட்டும் நம்பி ஓர் ஊர் வரலாற்றைப் போட முடியாது. அதை வாங்கக்கூடியவர்கள் அந்த ஊராரும் சில ஆய்வாளர்களும்தான். அந்தியேட்டிக்கு அச்சிடும், கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவுப் பிரசுரம், கும்பாபிஷேக மலர், பாடசாலையின் நூற்றாண்டு மலர் எல்லாம் யாராவது செலவை ஏற்றதால் வந்தவைதான். இன்று எங்கள் ஊர்களின் சரித்திரத்தை எழுத உட்காருகிற எவரும் அவற்றைப் புரட்டாமல் எழுத முடியாது. ஆகவே பிறருடைய காசு வந்தால் நூல் கெட்டுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். காசு கொடுத்தவர் நூலுக்குள் எதைத் தொட்டார், தொட்டிருந்தால் அதை வாசகருக்குச் சொன்னீர்களா என்பதைத்தான் பார்ப்பேன்.

யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதியது. ஒல்லாந்த அதிகாரி மேக்கறூன் கேட்டதற்காக இயற்றப்பட்டது என்று அதன் பாயிரமே சொல்கிறது. அதிலுள்ள காலக் கணக்குகளைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். ஆனால் யாருக்காக எழுதப்பட்டது என்பதில் எவருக்கும் குழப்பம் இல்லை. ஆட்சியில் இருந்த ஒருவருக்காக எழுதிய நூல் என்று தெரிந்துகொண்டே வாசிக்கிறோம்; அந்தத் தெளிவோடு எதை ஏற்பது, எதைச் சந்தேகிப்பது என்று முடிவு செய்கிறோம். வாசகருக்கு அந்த வாய்ப்பு கிடைத்ததற்குக் காரணம், கேட்டவரின் பெயர் நூலிலேயே இருப்பதுதான். உங்கள் நூலில் அது எப்படி இருக்கும்? “கனடாவிலுள்ள அன்பர் ஒருவரின் உதவியுடன்” என்று ஒரு வரி இருக்கும். அவருடைய சொல்லைக் கேட்டு ஓர் அத்தியாயம் எடுக்கப்பட்டது என்ற வரி இருக்காது. இன்னும் முப்பது வருடம் கழித்து இந்த நூலை நம்பி ஆய்வு செய்யப்போகும் ஒரு பல்கலைக்கழக மாணவி, அந்த ஊரில் அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதிவிடுவாள். அவளை ஏமாற்றியவர் ரொறன்ரோக்காரராக இருக்கமாட்டார். நூலின் இரண்டாம் பக்கத்தில் யாருடைய பதிப்பகப் பெயர் இருக்கிறதோ அவர்தான்.

அத்தியாயம் எதைப் பற்றியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. கோயில், தேநீர்க்கடை, பாடசாலை, பொதுக்கிணறு எதிலும் சாதியைச் சொல்லி ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றாகிவிட்டது. இருந்தும் 1966 ஒக்டோபர் 21ஆம் தேதி தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மாதக்கணக்காக நிற்க வேண்டியிருந்தது. மாவிட்டபுரம் பெரிய கோயில் என்பதால் அது வரலாற்றில் பதிந்துவிட்டது. அதே ஆண்டுகளில் சின்னச் சின்ன ஊர்க் கோயில்களில் நடந்தவை எங்கே பதிவாகியிருக்கின்றன? பெரும்பாலும் நினைவுகளில் மட்டும். அந்த வாசல்களில் நின்றவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள். இருப்பவர்கள் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அதுவும் அந்த ஊர்க்காரர், உட்கார்ந்து அதை எழுதி வைத்திருக்கிறார் என்றால் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். எழுதும்போது அவருக்கும் ஊரில் சங்கடம் வரும் என்று தெரிந்திருக்கும். தெரிந்துதான் எழுதினார்.

“ஏன் பழசைக் கிளறுவான்” என்ற வாதத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. சிலருக்கு உண்மையிலேயே வெட்கம்; தங்கள் தகப்பன்மார் செய்தது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஊரில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களும் இந்த நூலை வாங்குவார்கள். தங்கள் பாட்டனின் பெயரை அதில் தேடுவார்கள். “எங்கள் ஊர் வரலாறு” என்று அட்டையில் போட்டுவிட்டு, அந்த ‘எங்கள்’ என்பதற்குள் அவர்களைச் சேர்க்காமல் விட உங்களுக்கு மனம் வருமா? எனக்கு வராது.

இன்னொன்று. 1981 மே 31ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. வேறு எங்கும் படி இல்லாதவை அப்படியே இல்லாமல் போயின. அதைச் செய்தவர்களைப் பற்றி நாங்கள் இன்றும் கொதிப்புடன் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அப்படிப்பட்ட இழப்பைக் கண்ட சமூகம், ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியாக இருக்கிற ஓர் அத்தியாயத்தைத் தன் கையாலேயே இல்லாமல் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் வேலையாக அந்தக் கையெழுத்துப் பிரதி முழுவதையும் ஸ்கான் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். நூல் எப்படி முடிந்தாலும் அது தப்பட்டும்.

சரி, அத்தியாயத்தை வைத்துக்கொள்ளச் சொன்னேன் என்பதற்காக அதை அப்படியே போட்டுவிடவும் சொல்லமாட்டேன். உங்களுக்குப் பெரிய வேலை இங்கேதான் இருக்கிறது. அதில் ஆட்களின் பெயர்கள் இருக்கும். இன்னார் கதவைப் பூட்டினார், இன்னார் பொலிசுக்குப் போனார், இன்னாருடைய குடிசை எரிந்தது என்று இருக்கும். எழுதியவர் நல்லவர் என்பதால் எழுதியது எல்லாம் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நினைவு ஆண்டை மாற்றிவிடும். அண்ணன் செய்ததைத் தம்பியின் தலையில் போட்டுவிடும். பெயர் சொல்லப்பட்டவர் உயிரோடு இருந்தால் அது அவதூறு வழக்காகவும் ஆகலாம்.

ஆகவே அந்த அத்தியாயத்தை வரிவரியாகச் சரிபாருங்கள். ஈழநாட்டின் பழைய இதழ்கள், அக்காலத்து மற்றப் பத்திரிகைகள் எவை கிடைக்கின்றன என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திலும் கேளுங்கள். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் தேடுங்கள். 2005இலிருந்து அவர்கள் சேர்த்திருப்பதில் நாம் எதிர்பாராத சிறு பிரசுரங்களும் கிடைக்கும். பொலிஸ், நீதிமன்றம் என்று போன விஷயமாக இருந்தால் வழக்கு ஆவணங்கள் யாரிடமாவது இருக்கக்கூடும். அப்புறம் இரண்டு பக்கத்திலும் ஆட்களைப் போய்ப் பாருங்கள். உள்ளே நின்றவர்களின் வீட்டாருடனும் வெளியே நின்றவர்களின் வீட்டாருடனும் கதையுங்கள். ஒருவர் மட்டும் சொன்ன சம்பவத்தை “இன்னார் கூறியபடி” என்று எழுதுங்கள். குற்றம்சாட்டப்படுபவரின் பெயருக்கு ஆதாரம் கிடைக்காவிட்டால், சம்பவத்தை வைத்துக்கொண்டு பெயரை விட்டுவிடலாம். அப்படி விட்டதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். ரொறன்ரோக்காரரிடமும் கேளுங்கள். அவருடைய குடும்பத்துக்கு வேறொரு பக்கக் கதை இருக்கலாம். அது ஆதாரத்துடன் வந்தால் அதற்கும் இடம் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். காசுக்காக ஒரு வரியையும் நீக்காத பதிப்பாளர், பிழை என்று தெரிந்தால் எந்த வரியையும் நீக்கத் தயாராகவும் இருக்க வேண்டும்.

அவருடைய இரண்டாவது நிபந்தனை சின்ன விஷயம். கோயிலின் காணி உறுதி, கோயிலில் உள்ள கல்வெட்டு, உபயப் பட்டியல் ஆகியவற்றைப் பார்த்து ஆண்டு வரிசையில் குடும்பங்களை எழுதுங்கள். பாட்டனார் உண்மையிலேயே முதல் ஆளாக இருந்தால் அவர் பெயர் தானாகவே முதலில் வரும். இல்லையென்றால் உரிய இடத்தில் வரும். இதற்கு மேல் அதில் கதைக்க ஒன்றுமில்லை.

மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உரிமை அவர் பக்கத்தில்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் வாழ்ந்த காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. தகப்பன் இறந்த பின் அது வாரிசுகளுக்கு வருகிறது. தன் பெயரோடு வெளிவருவதற்கும், தன் எழுத்தைத் தன் பெயர் கெடும்படி சிதைப்பதை எதிர்ப்பதற்கும் எழுத்தாளருக்கு உள்ள உரிமையையும் அவருக்குப் பின் வாரிசுகள் பயன்படுத்தலாம். வாரிசு என்றால் அந்த மகள் மட்டும்தானா? தாயார் இருக்கிறாரா, வெளிநாட்டில் சகோதரர்கள் உண்டா? எல்லோருடைய ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை பிரதி, எத்தனை காலத்துக்கு, மின்னூல் உண்டா, குடும்பத்துக்கு எத்தனை பிரதி அல்லது எவ்வளவு காசு என்று இரண்டு பக்கத்தில் ஓர் உடன்படிக்கை போதும். கையொப்பம் வைக்குமுன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

சட்டத்தை மட்டும் பார்த்தால், குடும்பம் முழுவதும் சம்மதித்தால் அந்த அத்தியாயம் இல்லாமலே நூலைப் போடலாம். யாரும் உங்களைப் பிடிக்க முடியாது. இதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அச்சகக்காரர் அடுத்ததாக இதைத்தான் சொல்லப்போகிறார். சட்டம் இடம் கொடுக்கிறதே என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. மகளிடம் போங்கள். அந்த அத்தியாயத்தைத் தட்டச்சுச் செய்து கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் அதை முழுமையாக வாசித்திருப்பாரோ என்பதே எனக்குச் சந்தேகம். தகப்பனை இழந்து ஒரு வருடம்தான் ஆகிறது; புத்தகம் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் பேசுகிறார். “காசு வேறு வழியில் கிடைத்தால் இந்த அத்தியாயத்தோடு வரட்டும் என்று விரும்புகிறீர்களா?” என்று கேளுங்கள். காசுக் கவலை இல்லாமல் அவர் சொல்லும் பதில்தான் அவருடைய உண்மையான பதில். அப்போதும் அவர் வேண்டாம் என்றால், ஊரில் தனியாக வாழ்கிற பெண், தனக்கு வரக்கூடிய தொல்லைகளை நினைத்துச் சொல்கிறார் என்றால், அவரை நெருக்காதீர்கள். அப்படியான நிலைமையில் நூலைத் தள்ளிப் போடலாம். அல்லது “ஆலயப் பிரவேசம் பற்றிய அத்தியாயம் குடும்பத்தினரின் விருப்பப்படி இப்பதிப்பில் சேர்க்கப்படவில்லை; கையெழுத்துப் பிரதி பாதுகாக்கப்பட்டுள்ளது” என்று பதிப்புரையில் எழுதி வெளியிடலாம். இடைவெளி இருக்கிறது என்று வாசகருக்குத் தெரியும். அதுவாவது வேண்டும்.

மலரிலிருந்து எடுத்த பக்கங்களுக்கு வருவோம். ஆசிரியர் திருடினார் என்று நினைத்து மனம் உடைந்துவிடாதீர்கள். எங்கள் ஊர்களில் பழைய ஆட்கள் குறிப்பெடுக்கும்போது கொப்பியில் அப்படியே எழுதி வைப்பார்கள். வருடங்கள் போனபின் எது தன் வசனம், எது பிறர் வசனம் என்று அவர்களுக்கே தெரியாமல் போய்விடும். அவர் இருந்திருந்தால் நீங்கள் கேட்டிருக்கலாம். இப்போது அந்த வேலை உங்களுடையது. மலரில் அந்தக் கட்டுரையை எழுதியவர் யார் என்று பாருங்கள். அவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ எழுதி அனுமதி கேளுங்கள். கோயில் எப்போது கட்டப்பட்டது, தேர் எப்போது ஓடியது போன்ற தகவல்களுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. அவற்றை எவரும் சொல்லலாம். ஆனால் வசனங்களுக்குச் சொந்தக்காரர் உண்டு. அனுமதி கிடைத்தால் அந்தப் பக்கங்களை உள்தள்ளிப் போட்டு, மலரின் பெயர், ஆண்டு, எழுதியவர் எல்லாவற்றையும் கொடுங்கள். கிடைக்காவிட்டால் தேவையான சில வரிகளை மட்டும் மேற்கோளாக வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தகவலாகச் சுருக்குங்கள். செய்ததைப் பதிப்புரையில் சொல்லுங்கள். காலமானவரின் எழுத்தில் கை வைக்கும்போது எங்கே வைத்தோம் என்று சொல்லாமல் விடக்கூடாது.

இதற்கு வெளியில் எங்கும் போய் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. உங்கள் கோப்பாயிலிருந்து பருத்தித்துறை வீதியால் போனால் சிறுப்பிட்டி. அங்கே 1832இல் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1887இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர். அவருடைய பதிப்புரைகளை எடுத்து வாசியுங்கள். ஏடு எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், அது எந்த நிலையில் இருந்தது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அவர் வழியில் வந்தவர்கள் அவருடைய பாடங்களைத் திருத்தவும் மறுக்கவும் முடிந்தது அதனால்தான். அவருக்கு முன்னர் ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தார். அவர் பதிப்பு என்றால் பிழையிராது என்று பெயரெடுத்தார். சாதி விஷயத்தில் நாவலர் நின்ற பக்கம் எனக்கு உடன்பாடில்லை, உங்கள் அத்தியாயத்தைப் பற்றிக் கதைக்கும்போது அதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. ஆனால் அச்சுக்குப் போகும் ஒவ்வொரு எழுத்துக்கும் தானே பொறுப்பு என்று அவர் எடுத்துக்கொண்ட கவனத்தை நாங்கள் இன்னும் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

அச்சக உரிமையாளரின் யோசனை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே ஓர் எழுத்தும் மாறாமல், அதே தாளை வைத்துக்கொண்டு அட்டையை மட்டும் மாற்றினால் அது இரண்டாம் பதிப்பு ஆகாது. முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்தது என்ற பொய்யை நம்பித்தான் வாசகர் அதை வாங்குவார். நூலாசிரியருக்கும் அது அநியாயம்: விற்றுத் தீர்ந்தது என்று அட்டை சொல்கிறது, பிறகு ஏன் எனக்குக் காசு வரவில்லை என்று அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மிச்சப் பிரதிகளை விலை குறைத்து விற்றுவிடுங்கள். பாடசாலை நூலகங்களுக்குக் கொடுங்கள். நூலை அடையாளம் காட்டும் சர்வதேச இலக்கமான ஐ.எஸ்.பி.என். விஷயத்திலும் இப்படிப்பட்ட குறுக்குவழி சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரே இலக்கத்தை இரண்டு நூலுக்குப் போடுவது, வாயில் வந்த இலக்கத்தை அச்சிடுவது என்று. இலங்கைக்குரிய இலக்கங்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். கடைசி இலக்கம் முன்னால் உள்ள பன்னிரண்டையும் வைத்துக் கணக்கிடும் சோதனை இலக்கம். கற்பனை இலக்கம் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் முறைப்படி விண்ணப்பித்து வாங்குங்கள்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது: சிறியவர்களுக்கு நேர்மை கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகும், ஆனால் திட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். 500 பிரதி என்று யார் முடிவு செய்தார்கள்? காசு தருகிறவர் சொன்ன கணக்கு அது. ஊர் வரலாறு ஒன்றுக்கு 200, 250 பிரதியில் தொடங்கலாம். டிஜிட்டல் அச்சில் குறைந்த தொகைக்கும் அடிக்கலாம். ஒரு பிரதியின் விலை கொஞ்சம் கூடும், ஆனால் கையிலிருந்து போடும் மொத்தக் காசு குறையும், வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்காது. ஓப்செட் என்றால் பாரக் கணக்கைப் பாருங்கள்; பாரம் என்பது ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி. 16 பக்கப் பாரத்தில் 12 பாரம் 192 பக்கம். உங்கள் நூல் 198 பக்கம் வந்தால் அந்த ஆறு பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட வேண்டும். எழுத்தளவையும் ஓரத்தையும் சரிசெய்து 192க்குள் கொண்டுவரலாம். வர்ணப் படங்களைச் சிதற விடாமல் ஓரிடத்தில் சேருங்கள். நாலு அணிந்துரை, மூன்று வாழ்த்துரை என்று போடுகிற வழக்கத்தை விடுங்கள். ஊர் வரலாற்றுக்கு ஒரு நல்ல முன்னுரை போதும், அதையும் நூலை உண்மையாக வாசித்த ஒருவரிடம் வாங்குங்கள்.

பிறகு முன்பதிவு. அந்த ஊராரின் வட்ஸ்அப் குழு ஒன்று கட்டாயம் இருக்கும். கனடாவில், லண்டனில், சுவிசில் ஊர்ச் சங்கம் இருக்கும். நூலின் பொருளடக்கத்தை, அந்த அத்தியாயத்தின் தலைப்பு உட்பட, முழுதாகப் போட்டு முன்பதிவு கேளுங்கள். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவார்கள். வெளியீட்டு விழா வைத்தால், எங்கள் வழக்கப்படி கடித உறையில் காசு வைத்து முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்க ஆட்கள் வருவார்கள். அந்தக் காசை எழுதி வையுங்கள். எவ்வளவு வந்தது, அச்சுச் செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று மகளுக்குக் கணக்குக் காட்டுங்கள். எத்தனை பிரதி அச்சிட்டீர்கள் என்பதற்கு அச்சகப் பற்றுச்சீட்டையும் காட்டுங்கள். எங்களிடையே எழுத்தாளர்களுக்குப் பதிப்பாளர் மீது வருகிற மனக்கசப்பில் பெரும் பங்கு கருத்து வேறுபாட்டால் வருவதில்லை; கணக்குக் காட்டாததால் வருகிறது. இதற்குப் பெரிய மூலதனம் தேவையில்லை, ஒரு கொப்பி போதும்.

ரொறன்ரோக்காரருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் கதைத்தால் இரண்டு பக்கமும் சூடாகிவிடும். கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்: “ஐயா, உங்கள் உதவிக்கு நன்றி. நூலை ஆசிரியர் எழுதிய எல்லா அத்தியாயங்களோடும் வெளியிட முடிவு செய்திருக்கிறேன். கோயில் பிரச்சினை பற்றிய பகுதியை ஆதாரங்களோடு சரிபார்த்து வருகிறேன். அதில் பிழை இருப்பதாக நீங்கள் நினைத்தால் எழுதி அனுப்புங்கள். ஆதாரம் இருந்தால் திருத்துவேன், அல்லது உங்கள் குடும்பத்தின் கருத்தைக் குறிப்பாகச் சேர்ப்பேன். அச்சுச் செலவுக்கு நீங்கள் உதவினால் உங்கள் பெயரை நன்றியுடன் குறிப்பிடுவேன். உள்ளடக்கத்துக்குப் பதிப்பகமே பொறுப்பு என்றும் அதே பக்கத்தில் எழுதுவேன். இது உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.” இவ்வளவும் போதும். அவரைத் திருத்தவோ அவருக்குப் பாடம் சொல்லவோ ஒரு வரியும் சேர்க்காதீர்கள்.

அவர் மறுக்கலாம். மறுப்பார் என்றே எடுத்துக்கொண்டு மேலே சொன்ன சிறிய கணக்கைப் போட்டு வையுங்கள். இப்படியான கடிதம் போனபின் சிலர் சில கிழமை பேசாமல் இருந்துவிட்டு, “சரி, போடுங்கோ, ஆனால் என்ர பெயர் வேண்டாம்” என்று காசை அனுப்பியதும் உண்டு. அப்படி வந்தால், பெயர் வெளியிட விரும்பாத ஊரவர் ஒருவர் உதவினார், உள்ளடக்கத்தில் அவருக்குப் பங்கில்லை என்று போடுங்கள்.

நூல் வெளிவந்ததும் சட்டப்படி கொடுக்க வேண்டிய படிகளைச் சுவடிக்கூடத்துக்கு அனுப்ப அச்சகத்துக்கு நினைவூட்டுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் அந்த ஊர்ப் பாடசாலைக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். குடும்பம் சம்மதித்தால் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள்.

இந்தக் கிழமை முதலில் மகளைப் போய்ப் பாருங்கள். ரொறன்ரோவுக்கு அதற்குப் பிறகு எழுதலாம். அந்த அத்தியாயத்தின் ஒப்புநோக்குப் படி தயாரானதும் எனக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள். வாசித்து, எனக்குத் தெரிந்த ஆண்டுகளையும் ஆட்களையும் சரிபார்த்துத் தருகிறேன்.